புறக்கோள் ஆய்வுக்கு வர நினைக்கும் இயற்பியல் மாணவருக்கு: தரவு, தேர்வு, தாள்கள், செலவு

தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறீர்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆராய வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் கேட்டால் "முதல்ல நெட் கிளியர் பண்ணும்மா" என்பார்கள், வீட்டில் பி.எட். படிக்கச் சொல்வார்கள், இணையத்தில் தேடினால் நாசாவில் சேருவது எப்படி என்ற காணொளிகள் வந்து நிற்கும். நடைமுறையில் எப்படி உள்ளே வருவது என்பது இவற்றில் எதிலும் முழுதாக இருக்காது.

நானும் அப்படியொரு கல்லூரியிலிருந்து வந்தவள். விண்மீன்களின் ஒளிமாற்றமும் அது கோள் அளவீடுகளைக் கெடுக்கும் விதமும்தான் இப்போது என் வேலை. நான் பார்த்தவரை, கணக்கு வராமல் திரும்பிப் போனவர்களைவிட, கடைசித் தேதி தெரியாமலும் ஒரு சான்றிதழ் கையில் இல்லாமலும் ஓராண்டை இழந்தவர்கள்தான் அதிகம். திறமையான பிள்ளைகள் அப்படிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எனவே இந்தக் கட்டுரையில் அறிவியலுக்குக் கொடுக்கும் இடத்தைத் தாள்களுக்கும் தேதிகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

1. கோளுக்கு முன்னால் விண்மீனைப் படியுங்கள்

இந்தத் துறையில் பெரும்பாலும் கோளை யாரும் பார்ப்பதில்லை. அளப்பது விண்மீனின் ஒளியைத்தான். கோள் குறுக்கே வந்தால் ஒளி கொஞ்சம் குறையும், இதைக் கடப்பு என்பார்கள். சூரியன் போன்ற ஒரு விண்மீனின் முன்னால் வியாழன் அளவுக் கோள் வந்தால் குறைவது ஒரு சதவீதம். பூமி அளவுக் கோள் வந்தால் பத்து லட்சத்தில் வெறும் 84 பங்கு. அதே விண்மீனில் கரும்புள்ளிகள் சுழன்று வந்தால் ஒளி அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். சூரியனைப் போன்ற விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சலனப்படுகின்றன என்பதைக் கெப்ளர் தொலைநோக்கி காட்டியபோது, பூமி அளவுக் கோள்களைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

விண்மீனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பர்னார்டு விண்மீனைப் பாருங்கள். 233 நாளில் சுற்றும் ஒரு கோள் அங்கே இருப்பதாக 2018இல் அறிவித்தார்கள். அது அந்த விண்மீனின் சொந்தச் செயல்பாட்டால் வந்த சமிக்ஞை என்று 2021இல் இன்னொரு குழு காட்டியது. 2024இல் அதே விண்மீனைச் சுற்றி, சுமார் 3.15 நாள் சுற்றுக்காலத்தோடு வேறொரு சிறிய கோள் கிடைத்தது. கிளீசு 581 என்ற விண்மீனின் டி என்ற கோளும் இப்படித்தான் 2014இல் கேள்விக்குள்ளானது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: "புறக்கோள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. விண்மீன் ஏன் மாறுகிறது என்று தெரிந்து வருகிறவர்கள் குறைவு. சுழற்சி, கரும்புள்ளி, தீக்கொழுந்து (திடீர் ஒளி வெடிப்பு), அதிர்வு, இரட்டை விண்மீன் மறைப்பு ஆகிய இந்த ஐந்தும் ஒளிவளைவில் (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டத் தெரிந்தால், நேர்காணலில் உங்களைக் கவனிப்பார்கள்.

ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும் ஆர்க்சைவ் தளத்தில் புறக்கோள்களுக்கும் விண்மீன்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் தினமும் வரும். இரண்டிலும் தலைப்புகளை மட்டும் மேயுங்கள், வாரத்துக்கு ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். இதற்குக் காசு கிடையாது.

2. சேர்க்கைக்குக் காத்திருக்காமல் தரவில் கை வையுங்கள்

கெப்ளர், டெஸ் ஆகிய இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவும் மாஸ்ட் என்ற காப்பகத்தில் எல்லோருக்கும் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். அதுவும் இல்லையென்றால் கூகுள் கோலாபில் உலாவி வழியாகவே செய்யலாம், கல்லூரி ஆய்வகக் கணினியிலும் ஓடும். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பைத்தான் தெரியாதவர்கள் பட்டியல், வளையம், நம்பை, மேட்பிளாட்லிப் வரை வந்தால் போதும், மீதி வேலையில் தானாக வரும்.

முதலில் வாஸ்ப்-18 என்ற விண்மீனை எடுங்கள். அதன் கோள் ஒரு நாளுக்கும் குறைவாக, 0.94 நாளில் சுற்றி வருகிறது. ஒளி சுமார் ஒரு சதவீதம் குறையும். டெஸ் ஒரு பகுதியை ஏறத்தாழ 27 நாள் பார்க்கும், எனவே ஒரே கோப்பில் இருபதுக்கும் மேற்பட்ட கடப்புகள் வரிசையாக நிற்கும். தரவிறக்கி, வரைந்து, சுற்றுக்காலம் கண்டுபிடித்து, அந்தக் கால அளவில் மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாருங்கள். பள்ளத்தின் ஆழத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள ஆர விகிதம் வந்துவிடும். நீங்களே அளந்த முதல் கோள் அது.

அடுத்து ஏயூ மைக்ரோஸ்கோப்பி. இங்கேதான் நம் துறை தொடங்குகிறது. வயது குறைந்த ஒரு சிவப்புக் குறுமீன், 4.86 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஒளிவளைவைத் திறந்ததும் பெரிய அலைகள் தெரியும், அது கரும்புள்ளிகளின் வேலை. அலையின்மேல் ஊசி ஊசியாக நிற்பவை தீக்கொழுந்துகள். இவற்றுக்கு நடுவே அரை சதவீதம்கூட இல்லாத ஒரு பள்ளம், அதுதான் கோள். டெஸ் முதன்முதலில் பார்த்தபோது இரண்டு கடப்புகள்தான் கிடைத்தன, இடைவெளி 16.9 நாள். நடுவில் வந்திருக்க வேண்டிய ஒன்று தரவே இல்லாத இடைவெளியில் விழுந்துவிட்டது. சரியான சுற்றுக்காலம் 8.46 நாள் என்பது ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்த பிறகு உறுதியானது. கோப்பைத் திறந்து அந்த இடைவெளியை நீங்களே தேடிப் பாருங்கள், ஒரு பாடப்புத்தக அத்தியாயம் அதில் இருக்கிறது.

மூன்றாவதாக ஹாட்-பி-11. கெப்ளரின் குறுகிய இடைவெளித் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். சில கடப்புகளின் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் நடுவில் ஒரு மேடு தெரியும். கோள் ஒரு கரும்புள்ளியை மறைத்துக்கொண்டு போன தடம் அது.

இனி, எல்லோரும் விழும் குழிகள்.

அலைகளை நீக்கத் தட்டையாக்கும் கட்டளையைக் கொடுக்கும்போது சாளரத்தின், அதாவது ஒரு நேரத்தில் சமன்செய்யும் காலப்பகுதியின், அகலத்தைக் கவனியுங்கள். கடப்பு நீடிக்கும் நேரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். குறைத்தால் கோளையும் சேர்த்து அழித்துவிடும்.

டெஸ் கோப்பில் இரண்டு வகை ஒளி அளவுகள் இருக்கும். கருவியின் பிழைகளை நீக்கித் திருத்தியது ஒன்று, திருத்தாதது ஒன்று. கோள் தேடத் திருத்தியது நல்லது. ஆனால் அந்தத் திருத்தம் மெதுவாக மாறும் விண்மீன் சமிக்ஞையையும் சேர்த்து வழித்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட சுழற்சிக்காலத்தை அதிலிருந்து அளந்தால் விடையை நம்பாதீர்கள்.

டெஸ் பூமியை 13.7 நாளில் சுற்றுகிறது. உங்களுக்குக் கிடைத்த சுற்றுக்காலம் அதற்கு அருகிலோ அதன் பாதியாகவோ இருந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 வில்விநாடி அகலம். கெப்ளருக்கு 4தான். எனவே பக்கத்தில் உள்ள வேறு விண்மீனின் ஒளியும் கலந்து வரும். ஒற்றைப்படைப் பள்ளமும் இரட்டைப்படைப் பள்ளமும் வேறு வேறு ஆழத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன். கையா என்ற விண்மீன் பட்டியலில் அந்த இடத்தைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் "கோள் கண்டுபிடித்தேன்" என்று யாருக்கும் எழுதிவிடாதீர்கள்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். டெஸ் நேரம் ஜூலியன் நாளிலிருந்து 24,57,000ஐக் கழித்தது, கெப்ளர் நேரம் 24,54,833ஐக் கழித்தது. இரண்டையும் கலந்தால் எல்லாமே தப்பும்.

இந்த மூன்று விண்மீன்களையும் முடித்ததும் நிரலைக் கிட்ஹப்பில் போட்டு, படங்களோடு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். இந்த இரண்டு பக்கம்தான் பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் உங்களுக்காகப் பேசும். வானத்தையே நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அல்காலில் தொடங்கலாம். 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் உலகம் முழுவதிலிருந்தும் அளவீடுகளை வாங்கிக்கொள்கிறது.

3. எம்.எஸ்சி. எங்கே படித்தாலும் சரி, இயற்பியலை விடாதீர்கள்

வானியற்பியல் என்று பெயர் போட்ட எம்.எஸ்சி.தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். எம்.எஸ்சி. இயற்பியல் தாராளமாகப் போதும். ஐஐடிகளுக்கு ஜாம் தேர்வு, விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு முதுநிலை கியூட் நுழைவுத்தேர்வு. பெங்களூர் ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் பி.எஸ்சி. முடித்ததும் நேராகச் சேரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யும் உண்டு, அதற்கும் ஜாம் மதிப்பெண் வேண்டும். பொறியியல் படித்தவர்களையும் பல நிறுவனங்கள் எடுக்கின்றன, அவர்கள் இயற்பியல் தாளில் தேர்வெழுத வேண்டியிருக்கும்.

4. பிஎச்.டி. தேர்வுகள்: நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

புறக்கோளும் விண்மீனும் ஆராய இந்தியாவில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், நைனிதால் ஏரீஸ், புனே அயூகா, மும்பை டிஐஎஃப்ஆர், புவனேசுவரம் நைசர், ஐஐஎஸ்சியின் கூட்டு வானியல் திட்டம், அப்புறம் ஐசர்களிலும் ஐஐடிகளிலும் சில பேராசிரியர்கள்.

நுழைய ஜெஸ்ட் (பல ஆய்வு நிறுவனங்களுக்குப் பொதுவான தேர்வு), கேட், நெட் என்று மூன்று வாசல்கள். டிஐஎஃப்ஆருக்குத் தனித்தேர்வு உண்டு, அது பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஜெஸ்ட் ஆண்டுக்கு ஒருமுறைதான், குளிர்காலத்தில் விண்ணப்பித்து, ஆண்டின் முதல் சில மாதங்களில் எழுத வேண்டும். நெட் ஜூன், டிசம்பர் என்று இரண்டு சுற்று. ஆனால் தேர்வு நடக்கும் தேதி அடிக்கடி தள்ளிப்போகும், அதை மட்டும் நம்பி ஓராண்டைத் திட்டமிடாதீர்கள்.

மிகப் பெரிய குழி எது தெரியுமா? ஜெஸ்டில் நல்ல இடம் வந்துவிட்டால் நிறுவனங்கள் தாமாகக் கூப்பிடும் என்று நினைத்துச் சும்மா இருப்பது. கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அவற்றின் கடைசித் தேதிகளும் வேறு வேறு. சிலவற்றில் தேர்வு முடிவு வரும் முன்பே தேதி முடிந்துவிடும். தேர்வெழுதிய வாரமே எல்லாத் தளங்களையும் திறந்து தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணல்கள் பெரும்பாலும் மே, ஜூனில் நடக்கும், சேர்வது ஜூலை அல்லது ஆகஸ்ட்.

5. தாள்கள்: ஆறு மாதம் முன்பே எடுங்கள்

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

*ஓ.பி.சி. சான்றிதழ்.* உங்களிடம் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கும், அட்டை வடிவில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். மத்திய அரசு நிறுவனத்தில் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டு வட்டாட்சியர் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் சொற்பம்தான். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமே அங்கே இருக்காது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும் என்று அறிவிப்பில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டு கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டால் மே மாத நேர்காணலுக்குக் கையில் இருக்கும்.

ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பைப் பார்த்துப் பயந்து பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆனால் பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் அவர்களின் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மத்திய அரசின் ஆணை நகலைக் காட்டிப் பொறுமையாகப் பேசுங்கள்.

*பெயரும் இனிஷியலும்.* நமக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு, ஆதாரில் இனிஷியல் இல்லாமல், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் விரிந்து என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள், ஆதாரை முதலில். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் வந்து உட்காரும். அங்கே போன பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது கூடவே வரும்.

ஆய்வுக் கட்டுரையில் எந்த வடிவில் பெயர் போடுவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று போனால் தேடுகிறவருக்கு நீங்கள் இரண்டு ஆட்களாகத் தெரிவீர்கள். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் அடையாள எண் இலவசம், எடுத்துவிடுங்கள்.

*மதிப்பெண், பட்டம்.* கடைசி செமஸ்டர் முடிவு வராமலே நேர்காணலுக்குப் போவீர்கள். துறைத்தலைவரிடம் படித்துக்கொண்டிருக்கிறார் என்ற சான்று வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்றே தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும், மாற்றுச் சான்றிதழுக்கும், இடப்பெயர்ச்சிச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். இணைவுக் கல்லூரி மாணவர்களுக்கு முதலாவதும் கடைசியும் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். எனக்கு இடப்பெயர்ச்சிச் சான்றிதழ், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் கிடந்து, சேர்ந்த பிறகுதான் கைக்கு வந்தது. நிறுவனம் அவகாசம் கொடுத்ததால் பிழைத்தேன். அப்படி அவகாசம் வேண்டுமென்றால் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

உங்கள் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. யாராவது பிடித்து வைத்தால் அந்த அறிவிப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழகக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதமா 59.8 சதவீதமா என்பதில் ஒரு விண்ணப்பமே தள்ளுபடியாகும்.

6. கோடைப் பயிற்சியும் பரிந்துரைக் கடிதமும்

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு ஆண்டுக் கடைசியில் விண்ணப்பம் வரும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு ஆய்வாளரோடு வேலை. அயூகாவிலும் டிஐஎஃப்ஆரிலும் விடுமுறை மாணவர் திட்டங்கள் உண்டு, இந்திய வானியற்பியல் நிறுவனம் கொடைக்கானலில் கோடைப் பள்ளி நடத்தி வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள்.

கடிதத்தை "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்ற நான்கு வரிப் படிவமாக வாங்கினால் எந்தப் பயனும் இல்லை. ஆசிரியரிடம் உங்கள் இரண்டு பக்கக் குறிப்பையும், அவர் வகுப்பில் நீங்கள் செய்த வேலையையும், கடைசித் தேதியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், அதுவும் ஒரு மாதம் முன்பே. சார் எழுதித் தருவார் என்று விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள், படிப்பவருக்கு அது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வியோடு, பத்து வரிக்குள் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பது பேரும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

7. நேர்காணல்

கரும்பலகைக்குக் கூப்பிடுவார்கள். கெப்ளரின் மூன்றாம் விதியை வருவியுங்கள், விண்மீன் ஏன் தன் எடையில் நொறுங்காமல் நிற்கிறது, எச்-ஆர் வரைபடம் (விண்மீன்களின் வெப்பநிலையையும் ஒளிர்வையும் காட்டுவது) போட்டு மாறொளிர் விண்மீன்கள் எங்கே இருக்கும் என்று காட்டுங்கள், கடப்பின் ஆழம் எதைப் பொறுத்தது: இப்படித்தான் தொடங்கும். பிறகு உங்கள் குறிப்பைத் திறந்து "இந்தப் பள்ளம் கோள்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்பார்கள். இரண்டாம் படியில் சொன்ன குழிகளை நீங்களே சொல்லிவிட்டால் அறையின் போக்கே மாறும்.

ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. சமன்பாட்டை எழுதிவிட்டு மெதுவாகப் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படி யோசிப்பீர்கள் என்று காட்டுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தாண்டு கூட வேலை செய்யப்போகும் ஆளைத் தேடுகிறார்கள்.

8. செலவும் வரவும்

கேட் 2026க்குக் கட்டணம் 2000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் 1000. ஜெஸ்ட், நெட், டிஐஎஃப்ஆர் எல்லாம் எழுதினால் தேர்வுக்கட்டணமும் பயணமும் சேர்ந்து கணிசமான தொகை ஆகும். எல்லாவற்றையும் எழுத முடியாதவர்களுக்கு என் யோசனை: ஜெஸ்டும் கேட்டும். நேர்காணலுக்குப் போகும் ரயில் கட்டணத்தைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. எந்த வகுப்புக்குத் தருவார்கள் என்று அழைப்புக் கடிதத்தில் இருக்கும், பயணச்சீட்டைத் தொலைக்காமல் வையுங்கள்.

சேர்ந்த பிறகு உதவித்தொகை: 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதுநிலையில் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் "படிக்கப் போனால் யார் காசு கட்டுவது" என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: பல்கலைக்கழகங்களில் முதல் உதவித்தொகை வர சில மாதம் ஆகலாம். மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

9. வழிகாட்டியும் தொலைநோக்கியும்

சேர்ந்த முதலாண்டு பாடவகுப்புகள், அப்புறம்தான் வழிகாட்டி. மூத்த மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், முதல் கட்டுரை எப்போது வந்தது, முடித்தவர்கள் இப்போது எங்கே. இந்த மூன்று விடையும் எந்த வலைப்பக்கத்திலும் இருக்காது.

ஆரத் திசைவேகம் (விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) அளந்து கோளின் நிறையைக் காண விரும்பினால் அகமதாபாத் குழு மவுண்ட் அபுவில் வைத்திருக்கும் பாரஸ் நிறமாலைமானிகளைப் பாருங்கள். 19.5 நாளில் சுற்றும், பூமியைப்போல் சுமார் 27 மடங்கு நிறையுள்ள ஒரு கோளை 2018இல் அங்கிருந்து உறுதிசெய்தார்கள். ஒளிமாற்றம் அளக்க நம் காவலூரில் 1.3 மீட்டர், 2.3 மீட்டர் தொலைநோக்கிகள், தேவஸ்தலில் 3.6 மீட்டர், லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர். ஹான்லே சுமார் 4500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், அந்தத் தொலைநோக்கியைப் பெங்களூர் பக்கத்தில் ஹொசகோட்டேயிலிருந்தே இயக்குகிறார்கள். செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கட்டளை போகும், படம் வரும், நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு சாதாரண அறையில்.

தொலைநோக்கி நேரம் கேட்டு முன்மொழிவு எழுதும்போது பருவமழையைக் கணக்கில் எடுங்கள். உங்கள் விண்மீன் ஜூலையில் மட்டும் உச்சிக்கு வருமென்றால் தரைத் தரவை நம்பி ஆய்வேட்டை அமைக்காதீர்கள். விண்வெளித் தரவு முதுகெலும்பாகவும் தரைத் தரவு துணையாகவும் இருக்கட்டும். விண்மீன் அதிர்வையும் கோள் கடப்பையும் ஒரே தரவில் அளக்க ஐரோப்பிய விண்வெளி முகமை 26 கேமராக்களோடு உருவாக்கிய பிளேட்டோ திட்டத்தையும் கவனத்தில் வையுங்கள்.

10. வெளிநாடு என்றால்

அமெரிக்கப் பிஎச்.டி.க்கு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், முடிவு பிப்ரவரி, மார்ச்சில், நீங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம். மூன்று பரிந்துரைக் கடிதம், நோக்க அறிக்கை, மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு. ஜி.ஆர்.ஈ.யைப் பல வானியல் துறைகள் விட்டுவிட்டன, துறையின் பக்கத்தைப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டாலருக்கு மேலும் ஆகும். கட்டண விலக்கு உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், கேட்பவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கிறது. இடம் கிடைத்த பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். இவை அவ்வப்போது ஏறும்.

நல்ல வானியல் துறைகளில் பிஎச்.டி.க்குக் கல்விக் கட்டணத்தை அவர்களே ஏற்று, உதவித்தொகையும் தருவார்கள். வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்களில் போய்க் கேட்டால் கடன் வாங்கிப் படிக்கும் எம்.எஸ். பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். ஆய்வுக்குப் போகிறவருக்கு ஆலோசகர் தேவையே இல்லை, துறையின் வலைப்பக்கம் போதும்.

ஐரோப்பாவில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளமுள்ள வேலை. முதுநிலைப் பட்டம் வேண்டும், விண்ணப்பம் பொதுவாக இலவசம். ஜெனீவா, லைடன், ஹைடல்பெர்க் போன்ற இடங்களின் பக்கங்களையும், அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பட்டியலையும் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

11. பிஎச்.டி.க்குப் பிறகு: ஓராண்டு முன்பே தொடங்குங்கள்

முதுமுனைவர் வேலைகளுக்கான விளம்பரங்கள் செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் அடங்கும். புறக்கோள் ஆய்வுக்கென்றே உள்ள நாசாவின் சேகன் உதவித்தொகைக்கும், 51 பெகாசி பி உதவித்தொகைக்கும் இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகை வழக்கமாகச் செப்டம்பரில் முடியும், பிஎச்.டி. முடித்து எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பதில்கள் ஜனவரியில் வரத் தொடங்கும், அமெரிக்க இடங்கள் பிப்ரவரி 15 வரை முடிவு சொல்ல விடும். இந்தியா திரும்ப நினைப்பவர்களுக்கு இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டமும் ராமானுஜன் உதவித்தொகையும் உண்டு, இரண்டிலும் வயது வரம்பைப் பாருங்கள். நிரந்தர வேலைக்கு முன் இரண்டு முதுமுனைவர் பணி என்பது சாதாரணம். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கட்டுரை வெளியீட்டிலும் காசு இருக்கிறது. சில முன்னணி இதழ்கள் வாசகருக்கு இலவசம், கட்டணம் கட்டுரை எழுதியவருக்கு என்ற முறைக்கு மாறிவிட்டன, அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் 2022இலிருந்தும் பிரிட்டனின் மந்த்லி நோட்டீசஸ் 2024இலிருந்தும். யார் கட்டுவது என்று எழுதத் தொடங்கும்போதே வழிகாட்டியிடம் கேளுங்கள். "உங்கள் அருமையான கட்டுரையை வரவேற்கிறோம்" என்று மின்னஞ்சலில் வந்து விழும் இதழ்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிய நம் நாட்டில் மாதங்கள் ஆகும், வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வர வேண்டும். முதுமுனைவர் வேலை செப்டம்பரில் தொடங்குகிறதென்றால் பிப்ரவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே தற்காலிகச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசா அலுவலகத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.